கோபுரத்துக்கு முந்தைய மயிலை: கடல்வழிப் பயணிகளும் ஓவியர்களும் கண்ட தென் சென்னை

மயிலாப்பூரை வரைய அமர்கின்ற எவருடைய தாளிலும் இன்று தவறாமல் எழுகின்ற இரண்டு உயரங்களில் ஒன்று, சாந்தோம் நெடுஞ்சாலையில் கடலை ஒட்டி நிற்கும் தேவாலயத்தின் வெண்ணிற ஊசிக் கோபுரம். மற்றொன்று, கபாலீசுவரர் கோயிலின் கிழக்கு இராஜகோபுரம். முன்னது, போர்த்துக்கீசியர் கட்டிய பழைய கோயிலை அகற்றிவிட்டு, கூர்மாட வளைவுகளைக் கொண்ட ஐரோப்பிய கோத்திக் பாணியில் புதிதாக எழுப்பப்பட்டு 1896-இல் நிறைவுற்றது. ஏறக்குறைய 120 அடி உயரமுள்ள பின்னது 1906-இல் எழுந்தது. பத்தே ஆண்டு இடைவெளியில் உருவான இவ்விரண்டும் இல்லாத மயிலாப்பூரைக் கற்பனை செய்வது இன்றைய கண்ணுக்குக் கடினம் என்றாலும், பதின்மூன்றாம் நூற்றாண்டின் மார்க்கோ போலோ முதல் 1874-இல் சென்னைக்கு வந்த ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் வரை, இந்நகரத்தை எழுதியும் வரைந்தும் சென்ற வெளிநாட்டார் கண்டது அந்தக் கோபுரங்களற்ற ஊரைத்தான்.

அவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகளையும் படங்களையும் கையில் வைத்துக்கொண்டு சாந்தோமில் தொடங்கி, மயிலை, லஸ், அடையாறு, தியாகராய நகரின் ஓரம், சைதாப்பேட்டை எனப் பரங்கிமலை வரை சென்று பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஒரு பயணி எதை எழுதினார், எதை வரைந்தார் என்பதை, அக்கட்டடத்தின் அழகைக் காட்டிலும், அவர் எந்த வழியாக வந்தார் என்பதே பெரிதும் தீர்மானித்திருக்கிறது. கடல்வழியே வந்த யாத்திரிகர் அப்போஸ்தலர் புனித தோமாவின் கல்லறையைக் கண்டார். புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போன கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் பாலத்தைக் கண்டார். இரு வழிகளுக்கும் நடுவே, இரண்டிலிருந்தும் சிறிது விலகி, கபாலீசுவரர் கோயிலும் அதன் குளமும் மாடவீதிகளும் நெடுங்காலம் அந்நியப் பேனாவுக்கு அகப்படாமல் இருந்தன.

சாந்தோமில் இன்று இறங்குபவர் தேவாலயத்தின் முகப்பைப் பார்த்துவிட்டு நேரே நிலவறைக் கல்லறைக்குச் செல்கிறார். ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1290-களில், மார்க்கோ போலோவின் நூல் இவ்விடத்தைத்தான் மாபார் நாட்டின் ஒரு சிற்றூர் என்று குறித்தது. மாபார் என்பது அரபு வணிகர் சோழமண்டலக் கரைக்கு வழங்கிய பெயர். ஊரில் மக்கள் குறைவு, கொள்முதலுக்கு ஏற்ற சரக்கு எதுவும் இல்லாமையால் வணிகர் இவ்வழி வருவதில்லை, கிறித்தவரும் முகமதியரும் வழிபாட்டுக்காக வருகிறார்கள், புனித தோமா கொல்லப்பட்ட இடத்துச் செம்மண்ணை எடுத்துச் சென்று காய்ச்சலுற்றவருக்குக் கொடுக்கிறார்கள் என்பன அவருடைய குறிப்புகள். மயில்கள் நிறைந்த தோப்பில் வேடன் ஒருவன் மயிலுக்குக் குறிவைத்த அம்பு தவறிப்போய்த் தோமாவைத் தைத்தது என்ற கதையையும் அவர் கேட்டு எழுதியிருக்கிறார். மயிலின் பெயரைத் தாங்கிய ஊரில் அந்தக் கதை பிறந்ததில் வியப்பில்லை. கட்டடத்தைப் பற்றி அவர் சொல்வது மிகச் சிறிது. ஆயினும் போகிற போக்கில் தரும் ஒரு செய்தி முக்கியமானது. 1288-இல் இப்பகுதியின் தலைவன் ஒருவன் தன் நெல்லையெல்லாம் தேவாலயத்தைச் சூழ்ந்த யாத்திரிகர் விடுதிகளில் கொட்டி நிரப்பினான் என்றும், புனிதர் இரவில் தோன்றி மிரட்டியதால் மறுநாளே காலி செய்தான் என்றும் கதை போகிறது. அற்புதத்தை நம்புவோர் நம்பலாம். வரலாறு தேடுவோருக்குக் கிடைப்பது, கோயிலைச் சுற்றி யாத்திரிகர் தங்கும் வீடுகள் பல இருந்தன என்பதும், அறுவடைக் காலத்தில் களஞ்சியத்துக்கு ஆசைப்படும் அளவுக்கு அவை பெரியவை என்பதுமாகும்.

அவருக்குப் பின் 1320-களில் வந்த ஒடோரிக், பிரான்சிஸ்கு சபையைச் சேர்ந்த இத்தாலியத் துறவி. அவர் கணக்கில் தேவாலயத்தின் அருகே பதினைந்து நெஸ்தோரிய வீடுகள் மட்டுமே இருந்தன. நெஸ்தோரியர் என்போர் பாரசீகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கீழைக் கிறித்தவ மரபினர். நூறாண்டு கழித்து வந்த வெனிசு வணிகர் நிக்கோலோ தெ கோந்தி, புனிதரின் உடல் பெரிய, அழகிய கோயிலில் இருப்பதாகவும், ஆயிரம் நெஸ்தோரியர் ஊரில் வாழ்வதாகவும் சொல்கிறார். பதினைந்து வீட்டுக்கும் ஆயிரம் பேருக்கும் இடையே உள்ள தூரம், ஊரின் வளர்ச்சியைக் காட்டுகிறதா, சொல்பவரின் தாராளத்தைக் காட்டுகிறதா என்று முடிவு செய்வது எளிதன்று. இடைக்காலப் பயணிகளின் எண்களை நெருங்கும்போது, அவர்களுடைய கண்ணை நம்பலாம், கணக்கைச் சற்றுத் தள்ளி வைக்கலாம் என்பதே பயனுள்ள விதி.

ஒடோரிக்கின் கண் நம்பத்தக்கது என்பதற்கு அவர் நூலிலேயே ஒரு சான்று உண்டு. மாபார் நாட்டின் பெருங்கோயில் ஒன்றில் முழுதும் பொன்னாலான பெரிய சிலை இருந்தது, கோயிலின் கூரையும் தரையும்கூடப் பொன்னால் ஆனவை என்று வியப்பை அடுக்கியபின், கோயிலை ஒட்டி மனிதக் கையால் வெட்டப்பட்ட நீர்நிலை ஒன்றை அவர் விவரிக்கிறார். வழிபட வந்தோர் பொன்னையும் வெள்ளியையும் மணிகளையும் அதில் எறிகிறார்கள். கோயிலைப் பழுதுபார்க்க வேண்டியபோது நிர்வாகிகள் அக்குளத்தில் தேடி எடுத்துக்கொள்கிறார்கள். எந்தக் கோயில் என்று அவர் பெயர் சொல்லவில்லை. மயிலை என்று கொள்ள ஆதாரமில்லை. ஆனால் பொற்கூரையை மறந்துவிட்டுக் குளத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், தெப்பக்குளம் என்ற அமைப்பு, நீராடும் இடமாக மட்டுமன்றிக் கோயிலின் உண்டியலாகவும் இயங்கியதைப் புரிந்துகொண்ட ஓர் அந்நியரின் கூரிய பார்வை வெளிப்படுகிறது. கல்லைக் கண்டு வியந்த பயணிகள் பலர். கோயிலின் வரவுசெலவைக் கவனித்தவர் அரியர்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் வந்தபோது கல்லறைக் கோயில் பாதி இடிந்து கிடந்தது. துவார்த்தே பர்போசா என்ற போர்த்துக்கீசிய அலுவலர், அக்கோயிலை முகமதிய ஃபக்கீர் ஒருவர் காத்து வந்தார் என்றும், இரவில் விளக்கேற்றுவதற்காக வருவோர் போவோரிடம் அவர் இரந்து பொருள் பெற்றார் என்றும் எழுதியிருக்கிறார். இந்தியப் பெருங்கடல் பற்றிய ஐரோப்பிய இலக்கியத்தில் இதற்கு இணையான காட்சி அதிகமில்லை. சிலுவைப் போர்களின் நினைவு ஆறாத நாடுகளிலிருந்து வந்தவர்கள், தாங்கள் தேடி வந்த அப்போஸ்தலரின் கல்லறையில் விளக்கெரிய ஒரு முஸ்லிம் துறவி காரணமாயிருந்ததைப் பதிவு செய்ய நேர்ந்தது. இதே காலத்துப் போர்த்துக்கீசியக் குறிப்புகள் சிதைந்த கட்டடத்தில் சிலுவைகளோடு மயில் உருவங்களும் செதுக்கப்பட்டிருந்ததைச் சொல்கின்றன. 1520-களில் போர்த்துக்கீசியர் அவ்விடத்தைத் தோண்டிப் பழுதுபார்த்தனர். அதே பத்தாண்டில் காஸ்பர் கொர்ரேயா என்பவரும் வந்து போனார். இவர் வெறும் வரலாற்றாசிரியர் அல்லர். ‘லெண்டாஸ் டா இந்தியா’ என்ற தம் பெருநூலில் மலாக்கா, கொழும்பு முதலான இடங்களின் காட்சிகளைத் தாமே வரைந்து சேர்த்தவர். ஆசியத் துறைமுகங்களைச் சொல்லால் மட்டுமன்றிக் கோட்டாலும் காட்ட முனைந்த தொடக்ககால ஐரோப்பியருள் அவர் ஒருவர்.

போர்த்துக்கீசியரின் சாந்தோம் நகரம் படமாக முழுமை பெற்றது 1635-இல். அந்தோனியோ பொக்காரோ எழுத, பெத்ரோ பரெத்தோ தெ ரெசெந்தே வரைபடங்களைத் தந்த கோட்டைகளின் தொகுப்பு, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மலாக்காவுக்கு அப்பால் வரை போர்த்துக்கீசியர் வசமிருந்த இடங்களை அரசனுக்குக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. அதில் மயிலைச் சாந்தோமும் உண்டு. மதில்கள் மேலிருந்து பார்ப்பதுபோலவும், வீடுகளும் தேவாலயங்களும் எதிரே நின்று பார்ப்பதுபோலவும் ஒரே தாளில் கலந்து வருவது இவ்வகைப் படங்களின் இயல்பு. அளவுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் நோக்கமன்று. எத்தனை கொத்தளம், எத்தனை கோயில், எந்தப் பக்கம் கடல் என்று லிஸ்பனில் இருப்பவருக்குத் தெரிந்தால் போதும். மதிலுக்கு வெளியே மேற்கில் இருந்த தமிழ் மயிலாப்பூர், அரசனின் உடைமை அல்லாததால், இத்தகைய படத்தில் இடம்பெற வேண்டிய தேவையே எழவில்லை.

அந்த மதில் இன்று ஓரிடத்திலும் இல்லை. 1672-இல் பிரெஞ்சுக்காரர் சாந்தோமைக் கைப்பற்ற, கோல்கொண்டா சுல்தானின் படையும் டச்சுக்காரரும் முற்றுகையிட, 1674-இல் நகரம் சரணடைந்தது. அதன்பின் கோல்கொண்டா அதிகாரிகள் அரண்களைத் தகர்த்தெறிந்தனர். முற்றுகையின் நடுவே, 1673-இல், கம்பெனியின் மருத்துவர் ஜான் ஃபிரையர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய பயணநூல் கோட்டையையும் வெள்ளையர் நகரையும் உன்னிப்பாக விவரிக்கிறது. சாந்தோம் பக்கம் வரும்போது கட்டடத்தை விட்டுக் கதைக்குத் தாவுகிறது. இப்பகுதி மக்களில் சிலருக்கு யானைக்கால் நோய் இருப்பதைக் கண்டு, தோமாவைக் கொன்றோரின் வழியினர் என்பதால் வந்த சாபம் என்று வழங்கிய கதையை அவர் பதிவு செய்தார். மருத்துவராக இருந்தும் நோயைக் கண்டதும் கட்டுக்கதைக்குப் போனவர், கோட்டையைக் கண்டபோது மட்டும் அளவுகோலோடு நின்றது கவனிக்கத்தக்கது.

சாந்தோம் கரையில் கட்டடத்தைவிடப் பயணிகளின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது வேறொன்று. துறைமுகமில்லாத கரையில், மும்முறை மடிந்து விழும் அலையைக் கடந்து கரையேற வேண்டியிருந்ததால், கப்பலிலிருந்து இறங்குவோர் அனைவரும் மசூலாப் படகுக்கு உயிரை ஒப்படைத்தனர். ஆணி ஒன்றும் அறையாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய இப்படகை, 1560-களில் இந்தியா வந்த வெனிசு வணிகர் செசாரே ஃபெடெரிச்சி சாந்தோமிலேயே கண்டு வியந்து எழுதினார். நூறாண்டுக்குப் பின் தாமஸ் பவ்ரி என்ற கப்பல் மாலுமி தம் கையெழுத்துப் பிரதியில் அதைப் படமாகவே வரைந்தார். மணல்திட்டில் மோதும்போது ஆணியடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகோ நெளிந்து கொடுத்து அலையோடு கரைக்கு ஏறும். இப்பகுதி மீனவரின் பொறியறிவுக்கு ஐரோப்பியர் தந்த புகழ்ச்சி, இங்குள்ள எந்தக் கட்டடத்துக்கும் அவர்கள் தந்ததைவிடப் பெரிது.

சாந்தோமிலிருந்து கச்சேரி சாலை வழியாக மேற்கே நடந்தால் கால் மணி நேரத்தில் மாடவீதி வந்துவிடும். ஆனால் மேற்சொன்ன நூல்களில் இந்தக் கால் மணி நேர நடையைக் காண முடியவில்லை. இத்தனைக்கும் பழைய கபாலீச்சரம் கடற்கரையிலேயே இருந்தது என்பது தமிழ் இலக்கியச் சான்று; பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் மயிலையைக் கடலலை சூழும் பதியாகவே பாடுகிறார். சாந்தோம் தேவாலய வளாகத்தில் சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருப்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. போர்த்துக்கீசியர் காலத்தில் அப்பழைய கோயில் அழிந்ததென்றும், இப்போதைய கோயில் பின்னர் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டதென்றும் மரபு கூறுகிறது. அப்படியானால், கல்லறையைத் தேடிக் கரையேறிய பயணிகள் அக்கோயிலைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். கண்ணில் பட்டது கருத்தில் பதியவில்லை.

அந்த விடுபாட்டை நிரப்ப, அவர்கள் எவருக்கும் முந்தைய ஒரு பயணியிடம் செல்ல வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சென்று பாடிய திருஞானசம்பந்தர் மயிலைக்கு வந்தபோது, பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்புக் குடத்தின் முன் நின்று பாடிய பதிகம், கோயிலின் உயரத்தையோ மண்டபத்தின் தூண்களையோ அளக்கவில்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊரின் ஆண்டைத் திருவிழாக்களால் அடுக்கி, இவற்றையெல்லாம் காணாமல் போவாயோ என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறது. புன்னை நிழலும் கானலும் உயர்ந்த மாடங்களும் ஊடே வந்து போகின்றன. கட்டடத்தை விவரிக்காமல் கட்டடம் எதற்காக இருக்கிறது என்பதை விவரிக்கும் முறை இது. பங்குனியில் அறுபத்துமூவர் விழாவின்போது மாடவீதியில் நிற்கும் எவரும், பிற்காலத்து ஓவியங்களைக் காட்டிலும் இப்பதிகம் ஊரைச் சரியாகப் பிடித்திருப்பதை உணர்வர்.

கட்டட அமைப்பில் அக்கறை உள்ளவர் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். மூலவர் மேற்கு நோக்கி இருக்கிறார், குளமும் மேற்கில்தான். குளத்தின் மேலைப் படித்துறையில் அமர்ந்து வரைபவரின் தாளில் முன்னே சிறிய மேலைக் கோபுரமும், பின்னே நெடிய கீழைக் கோபுரமும் வரும். அந்தப் பின்னணி உயரத்தை எடுத்துவிட்டால் கிடைப்பதே, 1906-க்கு முன் குளக்கரையில் நின்றவர் கண்ட காட்சி. கோபுரமின்றியும் குளமே காட்சியை ஆளும் அளவுக்கு அகன்றது.

லஸ் முனையை அடுத்துள்ள பிரகாச மாதா கோயிலை விரைவாகக் கடக்கலாம். காட்டுக் கோயில் என்றே மக்கள் வழங்கும் அதன் கல்வெட்டு 1516 என்று காட்டினாலும் அந்த ஆண்டு குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வழிதவறிய மாலுமிகளுக்குக் கரையில் ஒளி ஒன்று தெரிந்ததென்ற கதையே அதைப் பற்றி அதிகம் எழுதப்பட்டது.

1749-இல் சாந்தோமும் ஆங்கிலேயர் வசமான பிறகு பயணிகளின் பாதை மாறியது. இனி வந்தவர்கள் யாத்திரிகர் அல்லர்; கோட்டையில் இறங்கி, கம்பெனியின் விருந்தினராகத் தோட்ட வீடுகளில் தங்கி, படைமுகாம் இருந்த பரங்கிமலைக்குச் சவாரி போனவர்கள். தோட்ட வீடு என்பது, கோட்டையின் நெருக்கத்தை விட்டு விலகி, பெரிய தோப்பின் நடுவே தூண்வரிசையும் தட்டைக் கூரையுமாக ஐரோப்பியர் கட்டிக்கொண்ட மாளிகை. சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம் தொடங்கி அடையாற்றின் இரு கரைகள் வரை இவை பரவின.

இந்தக் கட்டடங்களைக் கடலிலிருந்து முதன்முறை கண்ட அனுபவத்தை 1780-இல் வந்த ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் மிகைப்படுத்தியே எழுதினார். கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் ஓவியராகச் சென்று பசிபிக் தீவுகளைத் தீட்டிவிட்டு வந்த அவருக்கு, நீண்ட வெண்தூண் வரிசைகளும் திறந்த முகமண்டபங்களும் தட்டைக் கூரைகளுமாக நீலவானத்தின் கீழ் நின்ற சென்னை, அலெக்சாந்தர் காலத்துக் கிரேக்க நகரம்போலத் தோன்றியது. ஐரோப்பாவில் கிரேக்க மோகம் தலைக்கேறியிருந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த மாயத்துக்கு முழுமுதற் காரணம் கிரேக்கச் சலவைக்கல் அன்று, இப்பகுதிக் கடற்கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்போடு சன்ன மணலும், வெல்ல நீர், முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் முதலியனவும் சேர்த்து அரைத்து, அடுக்கடுக்காகப் பூசி, மேற்பூச்சை வழவழப்பான கல்லால் நாட்கணக்கில் தேய்த்துப் பளபளப்பேற்றினர் உள்ளூர்க் கொத்தனார்கள். உள்ளே செங்கல், வெளியே பளிங்கு மினுக்கு. ஹாட்ஜஸும் இந்தச் சுண்ணாம்பு சலவைக்கல்லின் மெருகைப் பெறுவதை ஒப்புக்கொண்டார். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்த மெருகு புதிதன்று. ஹாட்ஜஸ் உள்நாட்டுக் கோயில்களைக் காண விரும்பினாலும், அதே 1780 ஜூலையில் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கிவிட்டதால் கோட்டையைச் சுற்றியே முடங்கி, அடுத்த ஆண்டு கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். தென்னிந்தியக் கோயிற்கலை ஐரோப்பிய ஓவியத்தில் பத்தாண்டு தாமதமாக நுழைந்ததற்கு இப்போரும் ஒரு காரணம்.

அந்தத் தாமதத்தை முடித்துவைத்தவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியலும். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து வழி திறந்த 1792 மார்ச்சில் சென்னையில் இறங்கி, ஏப்ரலில் தெற்கே புறப்பட்டு, மதுரை வழியாகக் குமரிமுனைப் பக்கம் வரை சென்று, ஆண்டிறுதியில் திரும்பி, 1793 தொடக்கத்தில் பம்பாய்க்குச் சென்றனர். அவர்கள் வரைந்த முறை, அவர்களுடைய படங்களை நம்பலாமா என்ற கேள்விக்கு விடை தருவதால், சற்று விளக்கத்தக்கது. அவர்கள் பயன்படுத்திய இருட்டறைப் பெட்டி என்பது ஒரு பக்கத்தில் கண்ணாடி வில்லை பொருத்திய கருவி. எதிரேயுள்ள காட்சி அதன் வழியே உள்ளே தாளின்மேல் விழ, ஓவியர் அந்நிழலின் கோடுகளைப் பென்சிலால் பின்பற்றுவார். தூணின் இடைவெளியும் வளைவின் சாய்வும் இதனால் பிசகுவதில்லை. இங்கிலாந்து திரும்பியபின் அக்கோட்டோவியங்களை அக்வாடின்ட் முறையில் அச்சிட்டனர்: செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி, அமிலத்தில் அரிக்கவிட்டு, அரிப்பின் ஆழத்துக்கேற்ப மை ஏறச்செய்து நீர்வண்ணத்தின் சாயலைக் கொணரும் முறை இது, அச்சான தாளுக்குக் கையால் வண்ணம் பூசினர். இப்படி 1795 முதல் 1808 வரை வெளிவந்த ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பில் மொத்தம் 144 படங்கள். கட்டடத்தின் கோடு நம்பத்தக்கது. வானமும் மேகமும் முன்னே நிற்கும் மனிதரும் பெரும்பாலும் லண்டனில் அமர்ந்து சேர்க்கப்பட்டவை.

அத்தொகுப்பின் சென்னைப் படங்கள் கோட்டையையும் அரசினர் மாளிகையையும் கறுப்பர் நகரையும் காட்டுகின்றன. கபாலீசுவரர் கோயில் இல்லை. தஞ்சையையும் மதுரையையும் தேடிச் சென்று தீட்டியவர்களுக்கு, அன்று உயர்ந்த கோபுரமில்லாத மயிலைக் கோயில், தனிப் பயணத்துக்குரிய பொருளாகத் தோன்றாததில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் தென் சென்னையில் ஒன்றை வரைந்தார்கள். அதுவும் பரங்கிமலைச் சாலையில்தான் இருந்தது.

அதை அடையுமுன், அடையாற்றின் வடகரையில், ஜேம்ஸ் பிராடி என்ற கம்பெனி அலுவலர் 1790-களின் பிற்பகுதியில் கட்டிய கோட்டை வடிவ மாளிகை, அரசு இசைக் கல்லூரியாக இன்றும் நிற்கிறது. அதே ஆற்றில்தான் அவர் படகு கவிழ்ந்து மூழ்கி இறந்தார். தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டத்தைப் பிரம்மஞான சபை 1882-இல் வாங்கியது. இவ்வகைத் தோட்ட வீடுகளை வீட்டுக்காரருக்காகத் தீட்டிக் கொடுத்ததில் ஜான் கான்ட்ஸ், ஜஸ்டினியன் கான்ட்ஸ் என்ற தந்தை மகன் இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தேர்ந்தவர்கள். இவர்கள் பயணிகள் அல்லர், சென்னையிலேயே அச்சகம் நடத்தியவர்கள். ஆகவே இவர்கள் படத்தில் வியப்பில்லை, கதவு சன்னலின் எண்ணிக்கை பிசகாமல் இருக்கிறது. கட்டட வரலாற்று ஆய்வாளருக்கு டேனியலைவிடக் கான்ட்ஸ் குடும்பம் பயன்படுவது இதனால்தான்.

அண்ணா சாலைக்கு வந்து தென்மேற்கே திரும்பினால் வலப்புறம் தியாகராய நகர். ஹாட்ஜஸ், டேனியல்கள், 1810-இல் வந்து சென்னைக் கரையின் தோற்றத்தை எழுதிய மரியா கிரகாம் ஆகியோரின் காலத்தில் இச்சாலையில் வலப்புறம் திரும்பிப் பார்த்தவர் கண்டது நீர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி நீண்டு கிடந்த நெடிய ஏரி, ஐரோப்பியர் படகுப்போட்டி நடத்தும் அளவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை நிறைந்திருந்தது. 1920-களில் அதன் மாம்பலம் பகுதியைத் தூர்த்து நகரமைப்புத் திட்டப்படி எழுப்பியதே, நீதிக்கட்சித் தலைவர் தியாகராய செட்டியாரின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு. நடுவே பனகல் பூங்கா. பாண்டி பசாரில் துணிக்கடைப் பையோடு நடப்பவர் ஏரியின் தரையில் நடக்கிறார். மழை பெருத்த ஆண்டுகளில் அத்தரை பழைய நினைவை மீட்டுக்கொள்வதைத் தியாகராய நகரத்தார் அறிவர்.

சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும் மறைமலை அடிகள் பாலத்தில் இன்று நிற்க இடமில்லை. பேருந்துகளும் மேலே மெட்ரோவும் விரைந்துகொண்டிருக்கின்றன. இவ்விடத்தில் 1726-இல் முதல் கற்பாலத்தைக் கட்டியவர் ஈரானின் ஜுல்பாவிலிருந்து வந்து சென்னையில் செல்வம் சேர்த்த ஆர்மீனிய வணிகர் கொஜா பெத்ருஸ் உஸ்கான். பரங்கிமலைக்குச் செல்லும் யாத்திரிகர் வெள்ளக்காலத்தில் ஆற்றோடு போராடுவதைத் தவிர்க்கத் தம் சொந்தப் பணத்தில் அதைக் கட்டி, பராமரிப்புக்கும் தொகை ஒதுக்கி, மலைமேல் ஏறப் படிகளும் அமைத்தார். மாம்பலத்தின் பெயர் ஆங்கில நாவில் சிதைந்து மர்மலாங் பாலம் என்றும், கட்டியவரால் ஆர்மீனியன் பாலம் என்றும் அது வழங்கியது. டேனியல்கள் தென் சென்னையில் தேர்ந்த காட்சி இதுதான்: வரிசையாக வளைவுகள், அடியில் ஆழமற்ற ஆறு, தொலைவில் பரங்கிமலை. அரண்மனையுமல்லாத, கோயிலுமல்லாத, ஒரு வணிகரின் கொடையான பாலம் ‘ஓரியண்டல் சீனரி’யில் இடம்பெற்றதற்கு அழகு மட்டும் காரணமன்று, கோட்டையிலிருந்து மலைக்குப் போகும் ஒவ்வொரு வெள்ளையரும் கடந்தே தீரவேண்டிய இடம் அது. பழைய பாலம் இருபதாம் நூற்றாண்டில் மறைந்தது. பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் ஆகிய மும்மொழிகளில் பொறித்த நினைவுக்கல் மட்டும் சாலையோரத்தில் எஞ்சியது.

உஸ்கானின் படிகள் வழியே பரங்கிமலை உச்சிக்கு ஏறினால், 1547-இல் அகழ்ந்தெடுத்ததாகச் சொல்லப்படும், பாரசீக பஹ்லவி எழுத்து பொறித்த கற்சிலுவை சிறு கோயிலின் பீடத்தில் இருக்கிறது. முற்றத்தின் கிழக்குச் சுவரருகே நின்று நோக்கினால் பழைய பயணிகளின் சென்னை எத்திசையில் எவ்வளவு பரவியது என்பது ஒரே பார்வையில் பிடிபடுகிறது. சாந்தோமுக்கும் மலைக்கும் இடையே ஆறு வளைந்து போகும் வழியே அவர்கள் வழி. இக்கட்டுரையின் பாதையும் அதுவே.

வெளியார் விட்டதை உள்ளூரார் நிரப்பியது மிகப் பிந்தியே நிகழ்ந்தது. ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களின் எதிரே அமர்ந்து வரைந்த ஓவியர் சில்பி, இருட்டறைப் பெட்டியின் துணையின்றியே டேனியல்களுக்கு எட்டாத நுணுக்கத்தை எட்டினார். நகையின் ஒவ்வொரு முத்தும் அவர் கோட்டில் தனித்து நிற்கும். மதுரையில் பிறந்து சென்னையில் வாழ்ந்த மனோகர் தேவதாஸ், பார்வை படிப்படியாகக் குறைந்துவந்த நிலையிலும் இந்நகரின் பழைய கட்டடங்களை மைக்கோட்டால் தீட்டிக்கொண்டே இருந்தார். இவ்விருவரின் படங்களும் தமிழ் வீடுகளில் நூலாகவும் நாட்காட்டியாகவும் வாழ்த்து அட்டையாகவும் புழங்கிவிட்டன. டேனியல்களின் அச்சுப்படங்களைக் காண விரும்புவோர், திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயிலேறிக் கோட்டை நிலையத்தில் இறங்கி, புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தின் மாடிக்குச் செல்ல வேண்டும்.